எந்தப் புத்தகம்? படிக்கப் போகிறவளே தெரிவு செய்யட்டும்



2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு தாயும் மகளும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய குடும்பம். தாய் 2009இல், போரின் கடைசி மாதங்களில் கணவரை இழந்தவர். தோட்ட வேலைக்குப் போயும் இடியப்பம் அவித்து விற்றும் மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர். இந்தக் கதையை எழுதச் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயர்களை மட்டும் நான் எழுதவில்லை.

மூத்த மகள் தொழிற்பயிற்சி நிலையத்தில் தகவல் தொழில்நுட்பப் பாடநெறியை முடித்திருந்தார். கணினி வலையமைப்புத் துறையில் வேலை செய்ய அவருக்கு விருப்பம். வங்கி, வைத்தியசாலை, ஆடைத் தொழிற்சாலை என்று எங்கே பார்த்தாலும் நூற்றுக்கணக்கான கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த இணைப்பை அமைப்பதும், அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதும்தான் இந்த வேலை. விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் “சி.சி.என்.ஏ. இருக்கா?” என்று கேட்டார்களாம்.

“அக்கா, அந்தச் சோதினையை நானே படிச்சு எடுக்கப்போறன். எந்தப் புத்தகம் வாங்கலாம் எண்டு சொல்லுங்கோ” என்றார் மகள்.

தாய் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த அடகுச் சீட்டை எடுத்துக் காட்டினார். இரண்டு காப்புகள். “இதுக்குள்ளதான் புத்தகக் காசும் சோதினைக் காசும் பாக்கவேணும் பிள்ளை.”

நான் சமூகவியல் படித்தவள். வலையமைப்பு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நம்பி வந்தவர்களிடம் “தெரியாது” என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் யாழ்ப்பாணம் போனபோது, பழைய புத்தகம் விற்கும் கடையொன்றில், அட்டையில் சி.சி.என்.ஏ. என்று பெரிதாக அச்சிட்ட தடித்த புத்தகமொன்றை 4,500 ரூபாவுக்கு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். மலிவாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். ஏன் மலிவு என்று யோசிக்கவில்லை.

அந்தப் பிள்ளை நான்கு மாதம் அதைப் படித்தார். அதிகாலையில் இடியப்பத்துக்கு மா குழைத்துக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு அகராதியோடு இருந்து படித்தார். ஆனி மாதத்தில் ஒரு போதனாசிரியர் தற்செயலாக அந்தப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். “தங்கச்சி, இந்தச் சோதினை இப்ப இல்லை. 2020 மாசியோட நிப்பாட்டிட்டாங்கள்.”

என்னிடம் வந்து சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. “பரவாயில்லை அக்கா” என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்றிரவு ஒன்றை யோசித்தேன். இடம்பெயர்ந்த காலத்திலிருந்து எங்கள் பெண்களுக்கு எல்லாவற்றையும் பிறர்தான் தெரிவு செய்து கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கூடாரம், எந்த நிறச் சீலை, தையல் இயந்திரமா கோழிக்குஞ்சா என்பதெல்லாம் ஒரு படிவத்தில் வேறொருவர் எழுதியது. நானும் அந்தப் புத்தகத்தை நிவாரணப் பொதியைப் போலத்தான் கொடுத்திருந்தேன். அடுத்த நாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “இந்த முறை நீங்களே தெரிவு செய்யுங்கோ. நான் பக்கத்தில் இருக்கிறன்” என்றேன். அப்படி இருவரும் சேர்ந்து கற்றுக்கொண்டவற்றை, இதே வழியில் போக நினைக்கும் சகோதரிகளுக்காகவும் அவர்களுடைய தாய்மாருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பரீட்சை, பிறகுதான் புத்தகம்

வலையமைப்புத் துறையில் நுழைபவர்கள் பெரும்பாலும் எழுதும் பரீட்சைகள் இரண்டு. ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. மற்றது கொம்ப்டியா அமைப்பின் நெற்வேர்க் பிளஸ். நெற்வேர்க் பிளஸ் எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சாராமல் அடிப்படையைப் பொதுவாகச் சோதிப்பது. சி.சி.என்.ஏ. சிஸ்கோ கருவிகளில் கட்டளை எழுதவும் கேட்பது, சற்று ஆழமானது. இரண்டு சான்றிதழ்களும் மூன்று ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். இரண்டில் எதுவும் தமிழில் நடப்பதில்லை.

எதை எழுதுவது என்பதற்கு ஒரு வழிதான் உண்டு. நீங்கள் போக விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் நான்கைந்தைச் சேர்த்துப் பாருங்கள். அவற்றில் எந்தப் பெயர் கூடுதலாக வருகிறதோ அதுவே உங்கள் பரீட்சை. எங்கள் தங்கைக்கு அது சி.சி.என்.ஏ. ஆக இருந்தது.

அட்டையில் உள்ள எண்

நான் விட்ட பிழை இங்கேதான். இந்தப் பரீட்சைகளுக்குப் பெயரோடு ஓர் எண்ணும் உண்டு. பெயர் மாறாமல் இருக்க, எண் மாறும். எண் மாறினால் பாடமும் மாறும். நான் வாங்கிய புத்தகத்தில் இருந்த எண் 100-105. முன்பு அதோடு 200-105 என்ற இன்னொன்றும் சேர்ந்து இரண்டு தாள்களாக சி.சி.என்.ஏ. எடுக்கக்கூடியதாக இருந்தது. 2020 பெப்ரவரி 24 முதல் அவற்றுக்குப் பதிலாக 200-301 என்ற ஒரே தாள் வந்தது. பழைய புத்தகம் ‘ரிப்’ என்ற வழிப்படுத்தல் முறைக்கு இடம் ஒதுக்கியிருந்தது. புதிய பரீட்சையில் அது இல்லை. அதற்குப் பதிலாகப் பாதுகாப்பும், வலையமைப்பைத் தானியங்கியாக இயக்கும் முறைகளும் கூடுதலாக வந்தன.

நெற்வேர்க் பிளஸ் பரீட்சைக்கும் இதே கதைதான். 2024 ஆனியில் என்10-009 வந்தது. அதற்கு முந்திய என்10-008 அந்த ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. பழைய புத்தகக் கடைகளில் முந்திய எண்கள் இன்னும் அடுக்கில் இருக்கும். ஆகவே பரீட்சை நடத்தும் நிறுவனத்தின் இணையத்தளத்தில், புத்தகம் வாங்கும் நாளிலேயே எண்ணைப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எண்ணைக்கூட நம்பியிருக்க வேண்டாம்.

பாடத்திட்டம் இலவசம்

இரண்டு பரீட்சைகளின் பாடத்திட்டங்களும் அவற்றை நடத்தும் நிறுவனங்களின் இணையத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. எதற்கு எத்தனை வீதம் என்பதும் அதில் உண்டு. 200-301இல் வலையமைப்பு அடிப்படைகளுக்கு 20, சுவிட்ச் முதலிய அணுகல் பகுதிக்கு 20, வழிப்படுத்தலுக்கு 25, ஐ.பி. சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, தானியங்கு முறைகளுக்கு 10 வீதம். இந்தத் தாள்களை அச்சிட்டு, புத்தகத்தின் பொருளடக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடத்திட்டத்தில் இருப்பது புத்தகத்தில் இல்லையென்றால், அது எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் வேண்டாம்.

ஒரு பக்கச் சோதனை

நல்ல புத்தகங்கள் பல உண்டு. வென்டல் ஓடம் எழுதி சிஸ்கோ பிரஸ் வெளியிடும் அதிகாரபூர்வ வழிகாட்டி இரண்டு பாகங்கள், இரண்டும் சேர்ந்து ஆயிரம் பக்கங்களுக்கு மேல். ரொட் லம்லி எழுதியவை பகிடியும் கதையுமாகப் போகும் நடை. எது சிறந்தது என்று கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள். அந்தப் போதனாசிரியர் இரண்டையும் இரவல் தந்தார். நாங்கள் ஒரு சோதனை செய்தோம். இரண்டிலும் ஒரே விடயத்தைச் சொல்லும் ஒரு பக்கத்தை வாசிப்பது, புத்தகத்தை மூடுவது, வாசித்ததை அம்மாவுக்குத் தமிழில் சொல்வது.

மகள் ஐ.பி. முகவரியை எடுத்தார். 192.168.10.25 என்பது ஒரு கணினியின் இலக்கம். 255.255.255.0 என்ற மறைமூடி அதோடு வந்தால், முதல் மூன்று பகுதிகள் எந்த வலையமைப்பு என்பதையும் கடைசிப் பகுதி அதற்குள் எந்தக் கணினி என்பதையும் சொல்லும். தாய் அரிசி புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“மெனிக் பாம் முகாமிலை எங்களுக்கு வலயம் ஒண்டு, கொட்டில் இலக்கம் ஒண்டு. அது மாதிரியோ? உன்ரை சித்தி மற்ற வலயத்திலை. அவளுக்கும் எங்கட கொட்டில் இலக்கம்தான். வலயத்தைச் சொல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்கேலாது.”

“ஓம் அம்மா, அதேதான்.”

“ஒரு வலயத்திலையிருந்து மற்றதுக்குப் போறதெண்டால் வாசலாலைதானே போகவேணும்?”

மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த வாசல்தான் அம்மா ரவுட்டர்” என்றார்.

எந்தப் புத்தகத்தை வாசித்துவிட்டு அம்மாவுக்கு இப்படி விளங்கப்படுத்த முடிந்ததோ அதையே அவர் தெரிவு செய்தார். அது ஓடமின் வழிகாட்டி. பகிடி நடையில் ஆங்கிலம் தனக்குத் தடக்குகிறது என்றார். ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ‘இது ஏற்கெனவே தெரியுமா?’ என்று சோதிக்கும் சிறு வினாக்கள் இருந்ததும் அவருக்குப் பிடித்தது. இன்னொருவருக்கு மற்றப் புத்தகமே பொருந்தலாம். முதலில் முதலாம் பாகத்தை மட்டும் வாங்கினோம். அதை முடித்த பிறகுதான் இரண்டாவதற்குக் காசு.

புத்தகத்தோடு கையும் பழக வேண்டும்

சமையல் புத்தகம் வாசித்து மட்டும் கறி வைக்கப் பழக முடியாது. ரவுட்டரும் சுவிட்சும் வாங்க எங்களிடம் காசில்லை. சிஸ்கோவின் பக்கெற் ட்ரேசர் என்ற மென்பொருளில் அவற்றைக் கணினித் திரையிலேயே இணைத்துப் பழகலாம். பெயரைப் பதிந்தால் அது இலவசம். ஜெரமி என்பவரின் சி.சி.என்.ஏ. பாடங்களும், புரொபசர் மெசர் என்பவரின் நெற்வேர்க் பிளஸ் பாடங்களும் யூடியூப்பில் இலவசமாகவே உள்ளன. புத்தகத்தில் விளங்காத பகுதிக்கு மட்டும் அவற்றைப் பார்த்தால் டேட்டாக் காசு மிஞ்சும்.

‘உண்மையான கேள்விகள்’ என்று விற்பவை

“பரீட்சைக்கு வரும் கேள்வியும் விடையும் அப்படியே இருக்கிறது, சில ஆயிரம் ரூபா போதும்” என்று சிலர் வருவார்கள். வாங்காதீர்கள். அது பரீட்சை விதிக்கு மாறானது. கண்டுபிடித்தால் சான்றிதழையே இரத்துச் செய்வார்கள். கண்டுபிடிக்காவிட்டாலும், வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே முதலாளி கண்டுபிடித்துவிடுவார்.

காசு கட்டும் நாள்

சி.சி.என்.ஏ. கட்டணம் 300 அமெரிக்க டொலர். டொலர் ஒன்று 300 ரூபா என்று வைத்தாலும் 90,000 ரூபா. சித்தியடையாவிட்டால் மறுபடியும் முழுக் கட்டணம். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அதே ஆண்டு நடுப்பகுதியில் 360 ரூபா அளவுக்குப் போனதை எல்லோரும் அனுபவித்தோம். ஆகவே மாதிரித் தாள்களை நேரம் வைத்துச் செய்து, திரும்பத் திரும்ப நல்ல புள்ளி வரும்வரை காசு கட்டுவதில்லை என்று தங்கை முடிவெடுத்தார். பரீட்சை 120 நிமிடம். ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பி வர முடியாது. அதையும் அப்படியே வீட்டில் பழகினார்.

2024 ஆவணி 20 முதல் அதே 200-301 பரீட்சை 1.1 என்ற திருத்தத்தோடு வரப்போகிறது, செயற்கை நுண்ணறிவு போன்ற புதிய விடயங்கள் சேர்கின்றன என்று அவரே இணையத்தில் பார்த்து எனக்குச் சொன்னார். “அக்கா, அதுக்கு முதல் எழுதவேணும். இல்லாட்டித் திருப்பியும் புத்தகப் பிரச்சினை வரும்.” ஓராண்டுக்கு முன் எண்ணைப் பார்க்கத் தெரியாமல் இருந்தவர்கள் நாங்கள் இருவரும்.

ஆடி மாதத்தில் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனார். கூடப் போனது தாய், நான் இல்லை. சித்தியடைந்தார். இப்போது வவுனியாவில் ஒரு நிறுவனத்தின் வலையமைப்புப் பிரிவில் உதவியாளராக இருக்கிறார். ஒரு காப்பு அடகிலிருந்து மீண்டுவிட்டது. மற்றதற்கு மாதாமாதம் வட்டி கட்டுகிறார்கள்.

அந்த 100-105 புத்தகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. அதைத் திருப்பித் தரச் சொல்லி நான்தான் கேட்டு வாங்கினேன். யாராவது வந்து “அக்கா, எனக்கு எது நல்லது?” என்று கேட்கும்போது, பதில் சொல்ல வாயைத் திறப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்க்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் மகளோ தங்கையோ ஒரு பரீட்சைக்குப் புத்தகம் வாங்க வேண்டும் என்றால் காசு கொடுங்கள், கூடப் போங்கள், அவர் வாசித்துச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். புத்தகத்தை மட்டும் அவரே எடுக்கட்டும்.