அரை விநாடியா, அரை நிமிடமா?

கொச்சிக்குச் செல்வோருள் சீன வலைகளைப் படமெடுக்காமல் திரும்புவோர் மிகச் சிலரே. கோட்டைக் கொச்சியின் கரையில் தேக்கு மரங்களாலும் மூங்கில்களாலும் அமைந்த அந்த வலைகள், தெற்கே இடக்கொச்சி, கும்பளங்கி முதலிய காயலோர ஊர்களிலும் காணப்படுகின்றன. நீர் பால்போல் வெண்மையாகவும் வானம் பட்டுபோல் மென்மையாகவும் தோன்றும் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இவை விருப்பமான பொருளாகிவிட்டன. அத்தகைய படங்கள் எவ்வாறு உருவாகின்றன, அவற்றால் நாம் எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்பதை அறிந்துகொள்வது பயனுடையது.

கேமராவின் கதவு நெடுநேரம் திறந்திருப்பதையே நீள் வெளிப்பாடு என்கிறோம். அந்த நேரம் முழுவதும் அசையாதிருப்பவை தெளிவாகப் பதிகின்றன. அலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து மூடுபனிபோல் ஆகின்றன. முப்பது விநாடி வெளிப்பாட்டில் ஒருவர் ஓரிடத்தில் ஒரு விநாடி மட்டுமே நின்றால், அவ்விடத்தில் பதியும் ஒளியில் அவருக்குரிய பங்கு முப்பதில் ஒன்றே. ஆகவே அவர் படத்தில் ஏறத்தாழ மறைந்துவிடுகிறார்.

இது புகைப்படக் கலையின் தொடக்கத்திலேயே வெளிப்பட்ட உண்மை. 1838இல் லூயி டாகேர் பாரிஸ் நகரின் பரபரப்பான வீதி ஒன்றைப் பல நிமிட வெளிப்பாட்டில் படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் மறைந்து, காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள அசையாது நின்ற ஒருவரின் உருவமே தெளிவாகப் பதிந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். நீல ஒளியை மிகுதியாக ஏற்ற அந்தக் காகிதத்தில் வானம் வெறும் வெண்மையாகவே பதியும். ஆதலால் அவர் நெகட்டிவ்கள்மீது தம் கையாலேயே மேகங்களைத் தீட்டியதுண்டு. அன்று தவிர்க்க இயலாததாக இருந்த நீண்ட நேரம், இன்று நாம் விரும்பித் தேர்ந்தெடுப்பதாக மாறியுள்ளது.

பகல் வெளிச்சத்தில் கதவை நெடுநேரம் திறந்து வைத்தால் படம் வெளுத்துவிடும். இதைத் தடுக்கவே லென்சின் முன் என்.டி. ஃபில்டர் என்னும் கருமையான கண்ணாடி பொருத்தப்படுகிறது. ஒரு ஸ்டாப் என்பது ஒளியைப் பாதியாகக் குறைக்கும். மாலை வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11 என்ற அமைப்பில் 1/30 விநாடி தேவைப்படுவதாகக் கொள்வோம். 3 ஸ்டாப் ஃபில்டரில் அது ஏறத்தாழ கால் விநாடி. 6 ஸ்டாப்பில் 2 விநாடி. 10 ஸ்டாப்பில் 34 விநாடி.

இம்மூன்றில் எதைத் தேர்வது என்பதைச் சீன வலை நன்கு உணர்த்தும். அதன் முதன்மை மரத்தின்மேல் ஒருவர் நடந்து சென்றாலே, அவருடைய எடையால் வலை நீரில் இறங்கிவிடும். அவ்வளவு நுட்பமான சமநிலை. சில நிமிடங்களுக்குப் பின், எதிர் எடையாகத் தொங்கும் கற்களின் துணையோடு, ஆறு பேர் வரை சேர்ந்து கயிறுகளை இழுத்து அதை உயர்த்துகின்றனர். அந்நேரத்தில் 34 விநாடி வெளிப்பாடு கொடுத்தால் வலை மங்கலான நிழலாகும், உழைப்பவர்கள் மறைந்துபோவார்கள். கால் விநாடி முதல் அரை விநாடிக்குள் எடுத்தால் நீர் சற்றே மென்மையாகும்; கயிற்றை இழுப்பவர்களின் உருவம் சிறிது கலைந்தாலும் நிலைத்திருக்கும். அரை நிமிட வெளிப்பாட்டை, வலை ஓய்ந்து தொங்கும் வேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

காயலின் இயல்பு வேறு. கோட்டைக் கொச்சியில் மாலைச் சூரியன் கடலில் இறங்கும். இடக்கொச்சியின் கிழக்குக் கரையிலோ காலை ஒளி நீர்ப்பரப்பின்மேல் எழும். நீரோட்டத்தில் மிதந்து செல்லும் ஆகாயத் தாமரைகள் நீள் வெளிப்பாட்டில் இழைகளாக நீளும். கண்டல் மரங்களின் வேர்கள் தெளிவாக நிற்க, காற்றில் ஆடும் இலைகள் கலையும். கட்டியிருக்கும் படகும் அலையில் ஆடும் என்பதை மறக்கலாகாது.

கறுப்பு வெள்ளையில் நிறத்தின் வேலையை ஒளியின் அடர்த்தி வேறுபாடு ஏற்கிறது. ஆகவே வெளிர் வானத்தின் முன் கருமரங்கள் தெரியுமாறு நிற்பதே முதற்பணி. ரா கோப்பாகப் பதிவு செய்தால், பின்னர் நீலத்தை மட்டும் இருளாக்கி மேகங்களை எடுத்துக்காட்டலாம். டிரைப் தூரிகையால் செய்ததை இன்று கணினி செய்கிறது.

உறுதியான முக்காலியும் இரண்டு விநாடி டைமரும் இன்றியமையாதவை. முக்காலியில் பொருத்தியபின் அசைவுத் தடுப்பு வசதியை அணைத்துவிடுவது நலம். மரப்பலகைத் துறைகளில் பிறர் நடக்கும் அதிர்வும் படத்தைக் கெடுக்கும். உப்பு நீர் பட்ட முக்காலியை வீடு திரும்பியதும் நன்னீரில் கழுவ வேண்டும். கொச்சி கடற்படைத் தளமுள்ள நகரம்; தடை செய்யப்பட்ட பகுதிகளை நோக்கிக் கேமராவைத் திருப்பலாகாது.

அமைதியான நீர் கண்ணுக்கு இனியது. ஆயினும் அந்த நீரால் வாழ்வோர் அதன் கரையில் உழைக்கின்றனர். கதவைத் திறக்குமுன், இந்தப் படத்தில் யார் இருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், எத்தனை விநாடி என்ற கேள்விக்கு விடை தானே கிடைக்கும்.