மாண்ட மீனும் வாழும் நீரும்

தோன்றிய உயிர் மறைதல் இயற்கையின் நியதி. கடலில் நாள்தோறும் எண்ணிறந்த மீன்கள் மடிகின்றன. அவற்றை அகற்றுவார் எவருமிலர். ஆயினும் கடல் நஞ்சாவதில்லை. அக்கடல்நீரையே கண்ணாடித் தொட்டியில் அடைத்து, முருகைக்கற்களையும் மீன்களையும் வளர்க்குமிடத்து, ஒரு மீனின் சாவு ஏனைய உயிர்களின் அழிவாய் முடிதலும் உண்டு. இவ்வேறுபாட்டின் காரணம் யாது? அச்சாவு நேர்ந்தவிடத்துச் செய்யத்தக்கது யாது? இவ்விரு வினாக்களும் ஈண்டு ஆராயப்படும்.

கடல்நீர் உப்புநீராதலின் அதிற் கிடக்கும் உடல் அழுகாதெனச் சிலர் கருதலாம். நீர்கொழும்பிலிருந்து அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் மலையேறி வரும் கருவாடு பன்னாள் கெடாதிருத்தலை மலைநாட்டார் அறிவர். ஆயின், கருவாட்டைக் காப்பன மிகுதியாக இட்ட உப்பும், வெயிலில் ஈரம் நீங்கியமையுமே. கடல்நீரில் ஓர் இலீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பே உண்டு. அவ்வளவு உப்பில் அழுகச் செய்யும் பற்றீரியாக்கள் செழித்து வாழும். தொட்டியின் வெதுவெதுப்பு அவற்றின் தொழிலை விரைவுபடுத்தும்.

தசையிலுள்ள புரதம் சிதையும்போது அமோனியா பிறக்கிறது. அது நீரில் இரு வடிவில் நிற்கும். ஒன்று தீங்கு குறைந்த அமோனியம் அயன். மற்றையது செவுள்களைத் தாக்கும் நச்சு அமோனியா. நீரின் காரத்தன்மை கூடக்கூட நச்சு வடிவின் பங்கு மிகும். கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையது. ஆதலின், அமிலச் சார்பான நன்னீரில் மீன்கள் தாங்கும் அமோனியா அளவு, கடல்நீரில் அவற்றைக் கொல்லவும் கூடும். அன்றியும், அழுகல் நீரிலுள்ள ஒட்சிசனையும் உண்டுவிடும்.

கடலில் இக்கேட்டைத் தடுப்போர் பலர். நண்டு, நத்தை, புழு முதலியன உடலைத் தின்றுவிடும். எஞ்சும் அமோனியாவை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், மற்றொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும். இலண்டன் இரசாயனவியலாளர் ரொபேட் வாரிங்ரன் 1850ஆம் ஆண்டளவில் மீனும் நீர்ச்செடியும் ஒருங்கே வளர்த்தபோது, அழுகிய இலைகள் நீரைக் கலக்கக் கண்டு நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. அவர் பெயரையே தாங்கிய மைந்தர், அமோனியா நைத்திரேற்றாவது இரு படிகளில் நிகழ்வதை மண்ணாராய்ச்சியால் விளக்கினார். தந்தை தொட்டியிற் கண்டதும் மைந்தர் மண்ணிற் கண்டதும் ஒரே சுழற்சியின் இரு கூறுகளே.

இனி, அளவை நோக்குக. 100 கிராம் நிறையுள்ள மீனில் ஏறத்தாழ 3 கிராம் நைதரசன் உண்டு. 1,000 இலீற்றர்த் தொட்டியில் அது முழுவதும் கரையின், ஓர் இலீற்றருக்கு 3 மில்லிகிராமாகும், இது பெருந்தீங்கு. அவுஸ்திரேலியாவின் ரவுன்ஸ்விலில் 1987இல் திறக்கப்பட்ட முருகைக்கல் தொட்டி 25 இலட்சம் இலீற்றர் கொள்ளுமாறு அமைக்கப்பட்டது. அத்தகைய தொட்டியில் அம்மீன் ஒரு பொருட்டன்று. ஆகவே, சாவன்று ஆபத்து. சாவுக்கும் அதனைச் செரிக்கும் உயிர்களுக்குமிடையே சமன் குலைதலே ஆபத்து.

உணவிடும் வேளையில் மீன்களை எண்ணுதல் முதற்கடமை. ஒன்று குறையின் மூலைகளிலும், நீர் வழியும் வாயிலிலும், பம்பி நீர் உறிஞ்சும் இடத்திலும் தேடல் வேண்டும். உடல் கண்ணிற் பட்டால் உடனே அகற்றுக. சில மீன்களின் முட்கள் இறந்த பின்னும் நஞ்சுடையனவாதலின் வெறுங்கையால் தொடலாகாது. பெருந்தொட்டியில் உடல் புலப்படாவிடின், கற்களைப் பெயர்த்துத் தேடுதல் தகாது. அது முருகையை முறித்து, அடியிற் படிந்த அழுக்கைக் கிளப்பும். அமோனியாவை நாள்தோறும் அளந்து, உணவைக் குறைத்து, காற்றோட்டத்தைப் பெருக்குக. அளவு ஏறின், ஒத்த உப்பும் வெப்பமுமுள்ள புதுநீரால் ஒரு பகுதியை மாற்றுக.

கடலருகே புதுநீர் பெறுதல் எளிது. எட்கர் தேர்ஸ்ரன் முயற்சியால் 1909இல் திறக்கப்பட்ட சென்னை மீன்காட்சியகம் மெரீனாக் கடற்கரையிலேயே நின்றது. 6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவிலோ உப்புக்கலவையைக் கரைத்தே கடல்நீர் ஆக்கல் வேண்டும். ஆதலின் புதுநீரை முன்கூட்டியே சேமித்து வைத்தல் அறிவுடைமை.

சாவு ஓர் அறிவிப்புமாகும். முதுமையோ, போரோ, தொற்றுநோயோ எனக் காரணம் ஆராய்ந்து, ஏனைய மீன்களின் உடலில் வெண்புள்ளிகள் உளவோவென நோக்கல் வேண்டும். அகற்றிய உடலை ஓடையில் எறியாது மண்ணிற் புதைப்பதே முறை. ஆங்கு அவ்வினப் பற்றீரியாக்களே அதனைச் செடிக்கு உரமாக்கும்.

அடைபட்ட நீர் எதற்கும் இவ்விதி பொருந்தும். கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் நீலப்பச்சை அல்கா பெருகியது. சரிவுகளிலிருந்து வழியும் உரமும் கழிவும் நீரின் செரிக்கும் ஆற்றலை மிஞ்சுமிடத்து இத்தகைய பெருக்கம் நேரும். கண்ணாடித் தொட்டியைக் காக்கக் கற்ற மாணவன், தன் மலையடிவாரத்து நீரைக் காக்கவும் கற்றவனாவான்.