பிளாற்றினம் செய்யும் வேலையை இரும்பு செய்யுமா?

ஐதரசனையும் காற்றிலுள்ள ஒட்சிசனையும் கொடுத்தால் மின்சாரமும் தண்ணீரும் தரும் பெட்டிதான் எரிபொருட்கலம். இதன் மூலவடிவத்தை வில்லியம் குரோவ் 1839இலேயே செய்துவிட்டார். பிறகேன் அது வீட்டுக்கு வீடு வரவில்லை? ஐதரசனை உண்டாக்குவதும் சேமிப்பதும் தனிக்கதை. இங்கே பேச வந்தது பெட்டிக்குள் இருக்கும் பிளாற்றினத்தைப் பற்றி.

கலத்துக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் ஐதரசன், புரோத்தன்களாகவும் இலத்திரன்களாகவும் பிரிகிறது. இலத்திரன்கள் வெளிக்கம்பி வழியே போகின்றன. நமக்குக் கிடைக்கும் மின்சாரம் அதுதான். புரோத்தன்கள் நடுவிலுள்ள மென்சவ்வைக் கடந்து மறுபக்கம் வருகின்றன. அங்கே ஒட்சிசன் மூலக்கூறு ஒன்று நான்கு இலத்திரன்களையும் நான்கு புரோத்தன்களையும் வாங்கி இரண்டு நீர் மூலக்கூறுகளாக வேண்டும். ஐதரசன் பக்கத்து வேலை லேசு. ஒட்சிசன் லேசில் மசியாது, அதன் இரட்டைப் பிணைப்பு அவ்வளவு உறுதி. ஆகவே கலத்திலுள்ள பிளாற்றினத்தில் பெரும்பங்கு இந்தப் பக்கத்துக்கே போகிறது. அந்த உலோகமோ அரிது. உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் தென்னாபிரிக்காவிலிருந்துதான் வருகிறது.

இதே வேலையை நம் உடம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் பிளாற்றினம் இல்லாமலே செய்கிறது. இழைமணியிலுள்ள ஒரு நொதியம் ஒட்சிசனை நீராக்குகிறது. அதன் நடுவில் இருப்பவை இரும்பும் செம்பும். அந்த இரும்பை நான்கு நைதரசன் அணுக்கள் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. ஈமோகுளோபினிலும் இரும்புக்கு அதே பிடிதான்.

இதையொத்த பிடியுள்ள கோபாற்றுத் தலோசயனைன் என்ற சேர்வை ஒட்சிசனை மசிய வைக்கும் என்று 1964இல் ஜாசின்ஸ்கி காட்டினார். அச்சு மையில் வரும் நீலத்துக்கு அது நெருங்கிய உறவு. அங்கே நடுவில் செம்பு, இங்கே கோபாற்று. ஆனால் அமிலத்தில் இத்தகைய சேர்வைகள் நின்றுபிடிக்கவில்லை. காபனோடு சேர்த்துக் கடுமையாகச் சூடாக்கினால் உறுதி கூடுகிறது என்பது பின்னர் தெரிந்தது. 2009இல் கனடாவின் கியூபெக்கில் டொடலே குழுவினர் செய்த இரும்பு ஊக்கி, தொடக்க வேகத்தில் பிளாற்றினத்தை நெருங்கியது. நூறு மணித்தியாலத்துக்குள் அதன் பலம் கணிசமாக இறங்கியும் விட்டது. 2011இல் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் பொலிஅனிலீன், இரும்பு, கோபாற்று, காபன் கொண்டு செய்தது 0.4 வோல்ற்றில் 700 மணித்தியாலம் நின்றது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் காருக்கு அந்நாட்டு எரிசக்தித் திணைக்களம் வைத்திருந்த இலக்கு 5000 மணித்தியாலம்.

ஏன் தளர்கிறது? ஒட்சிசன் சிலவேளை நான்கு இலத்திரன்களை வாங்காமல் இரண்டோடு நின்றுவிடும். அப்போது வருவது நீரல்ல, ஐதரசன் பரவொட்சைட்டு. இரும்புக்குப் பக்கத்தில் அது இருந்தால் பொல்லாத மூலிகங்கள் பிறந்து காபனையும் மென்சவ்வையும் அரிக்கும். போதாததற்கு அமிலம் இரும்பையும் கரைத்துக்கொண்டு போகும். ஊக்கி என்பது தான் மாறாமல் தாக்கத்தை விரைவாக்குவது என்று பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுக்கிறோம். அந்த ‘மாறாமல்’ என்ற சொல்லில்தான் இங்கே முழுச் சிக்கலும்.

இரும்புக்குப் பதில் மங்கனீசு, கோபாற்று வைத்தால் மூலிகத் தொல்லை குறையும். வேகமும் பொதுவாகக் கொஞ்சம் குறையும். அமில மென்சவ்வை விட்டுக் கார மென்சவ்வுக்குப் போவது இன்னொரு வழி. காரத்தில் மலிவு உலோகங்கள் அவ்வளவு லேசில் கரையா. இதற்கிடையில், கனடாவின் பலார்ட் நிறுவனமும் ஜப்பானின் நிஷின்போவும் 2017இல் ஒட்சிசன் பக்கத்துக்குப் பிளாற்றினம் இல்லாத கலமொன்றை விற்பனைக்கு அறிவித்தன. அதன் வலு 30 வாற்று. கார் ஓட்டப் போதாது, கையில் கொண்டுபோகும் சிறு கருவிகளுக்குப் போதும்.