ஏட்டுச் செய்முறையும் வீட்டு அடுப்பும்

சமையலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும், இது நம் அன்னையருக்கு உரிய பேச்சு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணமே இப்பேச்சுக்குக் காரணம். தந்தையும் தாயும் வேலைக்குச் செல்லும் வீடுகள் பல. மாலை ஆறரை மணிக்கு இருவரும் களைத்து வீடு திரும்புகிறார்கள். ஒருவர் நாற்காலியில் அமர்கிறார். மற்றவர் நேரே அடுக்களைக்குச் செல்கிறார். அந்த மற்றவர் யாரென்று நான் கூற வேண்டியதில்லை. 'எங்களுக்குச் செய்முறை தெரியாதே' என்பது வீட்டில் உள்ள ஏனையோர் கூறும் சமாதானம். செய்முறை என்பது மந்திரம், ஓர் எழுத்துப் பிசகினாலும் பலிக்காது என்ற அச்சம் நீங்கிவிட்டால், அச்சமாதானம் நில்லாது.

சமையல் நூல் ஒன்றைத் திறந்து பாருங்கள். அதில் காணும் கட்டளைகள் இரு வகையானவை. சில, பொருள்களின் இயல்பிலிருந்து எழுந்தவை. அவற்றை மீறினால் உணவு கெடும். ஏனையவை, எழுதியவருடைய ஊர், பருவம், அன்று கூடையில் இருந்த காய் ஆகியவற்றால் அமைந்தவை. அவற்றைத் தாராளமாக மாற்றலாம். ஏட்டிலோ இரண்டும் ஒரே குரலில் ஒலிக்கின்றன! எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட நூலுக்குச் 'சமைத்துப் பார்' என்று பெயரிட்டார். செய்து பார், சுவைத்துப் பார் என்று அப்பெயரே அழைப்பதாக எனக்குத் தோன்றும். நம் பழைய செய்முறைகளில் புளிக்குக் கூறும் அளவு எலுமிச்சங்காய் அளவு. எலுமிச்சங்காய்கள் எல்லாம் ஒரே அளவினவா என்ன? சமைப்பவர் நாவுக்கு விட்டுவைத்த உரிமை அது.

குழம்பை எடுத்துக்கொள்வோம். எந்தக் குழம்புக்கும் உப்பு, புளிப்பு, காரம், கெட்டிப்படுத்தும் பொருள், தாளிதம் என ஐந்து உறுப்புகள் உண்டு. சாம்பாரில் புளிப்பைப் புளியும், கெட்டித் தன்மையைத் துவரம்பருப்பும் தருகின்றன. மோர்க்குழம்பில் புளிப்பு மோரிலேயே இருக்கிறது; ஊறிய கடலைப்பருப்பும் தேங்காயும் அரைத்த விழுது அதைக் கெட்டியாக்குகிறது. வற்றல் குழம்பில் பருப்பு இல்லை. புளிக்கரைசல் நல்லெண்ணெயுடன் கொதித்துச் சுண்டுவதே போதும். இவ்வமைப்பை மனத்தில் கொண்டால், வீட்டில் எது இல்லையோ அதன் இடத்தில் வேறொன்றை அமர்த்தலாம். புளி இல்லாத நாளில் தக்காளி. சித்திரை மாதத்தில் மாங்காய். முருங்கைக்காய்க்குப் பதிலாகப் பூசணி. துவரம்பருப்பு விலை ஏறினால் பாசிப்பருப்பு. அது விரைவில் வெந்து அடுப்பு எரியும் நேரத்தையும் குறைக்கும்.

இனி, மீறலாகாத விதிகளுக்கு வருகிறேன். என் நண்பர் ஒருவருடைய மகன் வெளியூரில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறான். நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி, துவரம்பருப்பைப் புளிக்கரைசலிலேயே இட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தான். ஒரு மணி நேரம் கழிந்தும் பருப்பு பருப்பாகவே நின்றது. அவன் கடைக்காரரை நொந்துகொண்டான். கடைக்காரர் என்ன செய்வார்? பருப்பின் அணுவறைகளை ஒட்டவைத்திருக்கும் பசை பெக்டின் எனப்படும். வெந்நீரில் அது இளகும். புளிப்பு மிகுந்த நீரில் எளிதில் இளகாது. காய்களுக்கும் இதே விதி. ஆகவே பருப்பும் கிழங்கும் முதலில் வெந்த பின்னரே புளி சேர வேண்டும். சுண்ணாம்புச் சத்து மிக்க கிணற்று நீரிலும் பருப்பு மெதுவாகவே வேகும். இதற்கு ஆப்பச் சோடா இடுவோர் உண்டு. பருப்பு விரைவில் குழையும். ஆயினும் தயமின் என்னும் உயிர்ச்சத்து அதனால் குறைந்துவிடும். அதைவிட முன்னரே ஊறவைப்பது மேல்.

எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும். கொதித்தால் மணம் போய்விடும். மோர்க்குழம்பு நுரைத்து எழும்பியதும் இறக்கிவிட வேண்டும். நெடுநேரம் கொதித்தால் மோரின் புரதம் திரிந்து நீர் பிரியும். அரைத்த விழுதிலுள்ள மாவுச்சத்து அதை ஓரளவு தடுக்கிறது. ஆகவே கடலைப்பருப்பு இல்லையென்றால் அரிசிமாவு இடலாம், இரண்டையும் விட்டுவிடலாகாது.

வாரநாள் மாலைக்கு ஏற்ற உணவு எது என்று கேட்டால், கொங்குநாட்டு அரிசிபருப்புச் சோற்றைக் கூறுவேன். எண்ணெயில் கடுகும் சீரகமும் பொரிந்ததும் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய், சிறிது தக்காளி ஆகியவற்றை வதக்கி, மூன்று பங்கு அரிசியும் ஒரு பங்கு துவரம்பருப்பும் மஞ்சள்தூளும் உப்பும் இட்டு, எல்லாவற்றையும் போல் மூன்று மடங்கு நீர் விட்டு அழுத்தச் சமையற்கலத்தில் மூடிவிட வேண்டும். தக்காளியின் புளிப்பு பருப்பைத் தடுக்காதோ என்று கூரிய மாணவர் ஒருவர் கேட்கலாம். அது சிறிதளவே, மேலும் மூடிய கலத்துள் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை உயர்வதால் பருப்பு வெந்துவிடுகிறது. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. கையில் உள்ள கீரையையோ அவரைக்காயையோ இதிலேயே சேர்த்துவிட்டால் தனியே பொரியல் தேவைப்படாது. தட்டு கழுவுவோரும் உங்களை வாழ்த்துவர்!

'இது சம்பிரதாயமன்று' என்று வீட்டுப் பெரியவர் யாரேனும் கூறினால் பணிவோடு ஒன்றை நினைவூட்டுங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பின்னரே அவை நம் நாட்டுக்கு வந்தன. அதற்கு முன் நமக்குக் காரம் தந்தது மிளகு. புதிதாக வந்த காய்க்கு அந்த மிளகை ஒட்டியே பெயர் வைத்து, அதைக் குழம்பில் இட்டுப் பார்த்தவர் பெயர் நமக்குத் தெரியாது. அவரும் தம் பாட்டியார் செய்முறையை மாற்றியவரே.

சில எச்சரிக்கைகளையும் கூறிவிடுகிறேன். இங்கே சுதந்திரத்துக்கு இடமில்லை. சிவப்பு ராஜ்மாவை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் குறைந்தது பத்து நிமிடம் நன்கு கொதிக்கவைத்தே வேகவிட வேண்டும். அரைவேக்காடாக உண்டால் அதிலுள்ள நச்சுப்பொருள் வாந்தியை உண்டாக்கும். மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி, மிகுந்த நீரில் திறந்து வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். மீந்த சோற்றை அறை வெப்பத்தில் நெடுநேரம் வைத்துவிட்டு மறுநாள் சூடாக்கி உண்பதும் தகாது. சமையலில் சாகாத சில நுண்ணுயிர் விதைகள் வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாது. சோறு ஆறிய உடனே குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், மறுநாள் மாலை அதே சோறு எலுமிச்சைச் சோறாகவோ தயிர்ச் சோறாகவோ ஆகிவிடும்.

புளித்துப்போன தோசைமாவைக் கொட்டிவிடாதீர்கள். அதில் சிறிது அரிசிமாவும் நறுக்கிய வெங்காயமும் கறிவேப்பிலையும் கலந்து குழிப்பணியாரமாக ஊற்றுங்கள். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். குழிக்கு ஓரிரு துளி எண்ணெய் போதும்.