பழைய ஜீப்புக்குப் புது முன்னங்கால்

டப்வாலி பட்டறைகளில் ஆக்சில் மாறுகிறது, ஆர்.சி. புத்தகம் அப்படியே இருக்கிறது

முன்சக்கரங்கள் சுவரோரம் சாய்ந்து கிடக்கின்றன. மரக்கட்டைகள் தாங்கி நிற்கும் சாஸிக்கு அடியில், கிரீஸ் படிந்த ஆக்சிலைக் கழற்ற யு-போல்ட்டுகளோடு மல்லுக்கட்டுகிறார் ஒரு மெக்கானிக். ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையைத் தொட்டபடி இருக்கும் மண்டி டப்வாலியில் இது அன்றாடக் காட்சி. ராணுவம் ஏலத்தில் கழித்த ஜீப்புகளைப் பிரித்துக் கட்டிப் பெயர் வாங்கிய ஊர் இது.

வாடிக்கையாளர் கேட்பது பெரும்பாலும் உயரமும் அகலமான டயர்களும்தான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1947-இல் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த பழைய மஹிந்திரா வண்டிகளில், முன்பக்கமும் ஒரே இரும்புத் தண்டாலான ஆக்சில்தான். அதைத் தாங்குபவை பட்டை ஸ்பிரிங்குகள். வடக்கே கமானி என்பார்கள். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரமும் சாயும். அகல டயர் போட்டால் வண்டியைத் திருப்பும்போது பட்டையில் உரசும். எனவே வேறு வண்டியின் நீளமான ஆக்சில் தேடப்படுகிறது. கூடவே டிரம் பிரேக் போய் டிஸ்க் வருகிறது, பவர் ஸ்டியரிங்கும் வருகிறது.

வேலையின் உயிர்நாடி வெல்டிங்கில் இருக்கிறது. பட்டை உட்காரும் பீடத்தை ஆக்சிலில் பற்றவைக்கும் கோணம் சற்றுப் பிசகினாலும், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. வேகம் கூடும்போது முன்சக்கரங்கள் படபடவென்று ஆடும். வண்டியை உயர்த்திவிட்டு ஸ்டியரிங் ராடை அப்படியே விட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் கையை இழுக்கும். பிரேக் ஹோஸை நீட்ட மறந்தாலோ, சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நொடியில் அது அறுந்துபோகலாம். பெயின்ட் பளபளப்பில் மயங்கும் கண்களுக்கு இதெல்லாம் தெரிவதில்லை.

கைதேர்ந்தவர் செய்தால் பழைய ஜீப் முன்பைவிட நம்பகமாக நிற்கும். ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வடிவத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இந்தத் தண்டனை உரிமையாளருக்கு.

கண்மூடித்தனமாக உயர்த்திய வண்டியும், டிரம்முக்குப் பதில் நல்ல டிஸ்க் பூட்டிய வண்டியும் அனுமதி பெறாதவரை ஒரே தட்டில்தான். சோதனைச் சாவடியிலோ எஞ்சின் எண்ணும் சாஸி எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதோடு காரியம் முடிந்துவிடும். வண்டிக்கடியில் குனிந்து வெல்டிங்கைப் பார்ப்பவர் யார்?

அதை மெக்கானிக்கேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக்சில் ஏறியதும் ஊருக்கு வெளியே ஓர் ஓட்டம். வளைவில் திருப்பி, ஒரு கணம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கிறார். அது தானாக நேரானால் சரி. இல்லையென்றால் திரும்பவும் மரக்கட்டைமேல்.