இலாபத்துக்கு அப்பால்: தோட்டக் கம்பனிக்கு என்ன கடமை இருக்கிறது?

க.பொ.த. சாதாரண தரத்தில் வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் படிக்கும் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே படித்துவிடும் ஒரு விடயம், வணிகம் ஒன்றின் நோக்கங்கள். இலாபம் உழைப்பது ஒன்று. அதற்கு அப்பால் நிலைத்திருத்தல், வளர்ச்சி, வாடிக்கையாளர் திருப்தி, ஊழியர் நலன், சுற்றாடலைப் பேணல், சமூகப் பொறுப்பு என்று பட்டியல் நீளும். பூனாகலைப் பக்கத்தில் மாலை வகுப்பு நடத்தும் நான் இந்தப் பட்டியலைப் பல வருடங்களாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து புள்ளியும் எடுத்துவிடுவார்கள். உதாரணம் கேட்டால் மட்டும் ஒரு வங்கியின் பெயரையோ தொலைபேசிக் கம்பனியின் பெயரையோ எழுதுவார்கள். அம்மா கொழுந்து பறிக்கும் தோட்டமும் ஒரு வணிகம்தான் என்ற நினைப்பு அவர்களுக்கு வருவதே இல்லை.

அது அவர்களின் குற்றமல்ல. தோட்டம் எங்களுக்கு ஒரு கம்பனியாக ஒருபோதும் தெரிந்ததில்லை. வீடு அதனுடையது. பிள்ளைக் காம்பரா, டிஸ்பென்சரி, தண்ணீர்ப் பீலி, கோயிலுக்குப் போகும் பாதை எல்லாம் அதனுடையவை. செத்தால் புதைக்கும் நிலமும் அதனுடையதுதான். பாடப்புத்தகத்தில் கடைசி வரியில் வரும் "சமூகப் பொறுப்பு" தோட்டத்தில் முதல் வரியிலேயே இருந்திருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பொதுவான வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் எழுதிய பிரபல கட்டுரையில், சட்டத்துக்கும் நியாயமான போட்டிக்கும் உட்பட்டு இலாபத்தைக் கூட்டுவதே கம்பனியின் சமூகப் பொறுப்பு என்றார். பங்குதாரரின் பணத்தை எடுத்துத் தருமம் செய்வது முகாமையாளரின் வேலை இல்லை என்பது அவர் கருத்து. இதற்கு எதிராக நிற்பவர்கள், தொழிலாளி, வாடிக்கையாளர், அயலிலுள்ள ஊர், மண், நீர் எல்லாவற்றையும் பயன்படுத்தித்தான் கம்பனி உழைக்கிறது, ஆகவே அவர்களுக்கும் அது பதில் சொல்ல வேண்டும் என்கிறார்கள். இந்தியா 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தில், குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் சராசரி நிகர இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டது. இலங்கையின் 2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. இங்கே அது கம்பனியின் விருப்பம்.

தோட்டத்தின் கதை இந்த இரண்டு பக்கத்துக்கும் சரியாகப் பொருந்தாது. காட்டை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்ட துரைமார், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த ஆட்களை ஓரிடத்தில் தங்கவைக்க லயம் கட்டினார்கள். காய்ச்சலில் ஆள் விழுந்தால் கொழுந்து மலையிலேயே முற்றிவிடும் என்பதால் மருந்து கொடுத்தார்கள். தாய் மலைக்குப் போக வேண்டும் என்பதால் பிள்ளைக் காம்பரா வைத்தார்கள். இவற்றில் பலவற்றைக் காலனித்துவ அரசின் சட்டங்கள் வற்புறுத்தித்தான் செய்ய வைத்தன. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் சட்டம் அவற்றில் ஒன்று. எதுவும் கருணையால் மட்டும் வந்ததில்லை, எதுவும் வெறும் கணக்கால் மட்டும் வந்ததுமில்லை என்பது என் எண்ணம்.

1948இல் எங்கள் மக்களின் பிரஜாவுரிமை பறிபோனது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவர்களுக்குப் பாதை போட்டுக்கொடுக்க எந்த அரசியல்வாதிக்கு அவசரம்? அரசு செய்ய வேண்டியதெல்லாம் தோட்டத்தின் தலையில் விழுந்தது. தோட்டம் தனக்கு ஏற்ற அளவுக்குச் செய்தது. பிரதேச சபை வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குச் சட்டமே தடையாக இருந்தது. அதே சபைக்கு எங்கள் ஆட்கள் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் முகாமைத்துவத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்தது. நிலம் இன்றும் அரசினுடையதுதான், கம்பனிகள் 53 வருடக் குத்தகைக்காரர்கள். அதே 1992இல், வீடமைப்பையும் நலன்புரியையும் பார்க்க அரசு, கம்பனி, தொழிற்சங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு நிதியம் தொடங்கப்பட்டது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று இன்று அறியப்படுவது அதுதான். மூவர் பொறுப்பு என்றால் ஒருவர் தவறினாலும் மற்ற இருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கத் தோன்றும். எங்கள் மலையில் நடந்தது வேறு.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. லயங்கள் மண்ணுக்குள் போயின. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ விட்டார்கள். பலரின் உடல் கிடைக்கவே இல்லை. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஒன்பது வருடம். நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயம் தோட்டத்தினுடையது, எச்சரிக்கை இன்னொரு திணைக்களத்தினுடையது. தொழிலாளியின் கையில் எதுவும் இல்லை. "நாங்கள் போகிறோம், இடம் தாருங்கள்" என்று உரிமையோடு கேட்க அவரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. தப்பியவர்கள் பூனாகலையிலும் கொஸ்லந்தையிலும் பாடசாலைகளில் தங்கி, பிறகு மாகல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் வாழ்ந்தார்கள். 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்தான்.

2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைப் பிரிவிலும் மண் சரிந்தது. மறுபடியும் லயங்கள், மறுபடியும் இடம்பெயர்வு. முகாம் என்றால் என்ன, தறப்பாளின் கீழ் மழை எப்படிக் கேட்கும் என்பதை இதை வாசிக்கும் வன்னி மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையிலிருந்து வன்னிக்கு வந்து, பிறகு யுத்தத்திலும் அகப்பட்ட குடும்பங்கள் உங்களிடையே இருக்கின்றன. அவர்களைக் கேட்டால் இரண்டையும் சொல்வார்கள்.

அப்படியானால் தொழிலாளியே கம்பனியின் சொந்தக்காரர் ஆகிவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்களைப் போன்ற தமிழ்த் தொழிலாளர்களிடமிருந்தே ஒரு பதில் இருக்கிறது. கேரளத்தின் மூணாறில் டாட்டா டீ தோட்டங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து 2005இல் விலகியபோது, கண்ணன் தேவன் ஹில்ஸ் என்ற புதிய கம்பனி உருவானது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களிடம். தொழிலாளர் பங்குதாரராக இருக்கும் தோட்டம் என்று உலகமே புகழ்ந்தது. 2015 செப்டம்பரில் அதே தோட்டங்களின் பெண்கள் போனஸ் வெட்டப்பட்டதை எதிர்த்து வீதியை மறித்து உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் விரட்டினார்கள். "பொம்பிளை ஒருமை" என்று பெயரெடுத்த போராட்டம் அது. கேட்ட 20 வீதம் கிடைத்தது. ஆனால் எப்படித் தெரியுமா? 8.33 வீதம் போனஸாக, மீதி 11.67 வீதம் கருணைத்தொகையாக. உழைத்தவருக்குப் போராடிக் கிடைத்த பணத்தில் பாதிக்கு மேல் "கருணை" என்ற பெயரில் பதிவானது. அந்த ஒரு சொல்லை நான் வகுப்பில் அரை மணித்தியாலம் விளக்குவதுண்டு.

2020 ஓகஸ்டில் மூணாறின் பெட்டிமுடியில் மலை சரிந்து, லயத்தில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் இறந்தார்கள். பங்கு இருந்தது, பாதுகாப்பான வீடு இருக்கவில்லை. ஒரு குடும்பத்தின் கையிலுள்ள சில பங்குகள் இயக்குநர் சபையில் பேசாது.

எங்கள் பக்கத்தில் கருணைக்கும் உரிமைக்கும் இடையிலிருந்த வேலியாக இருந்தது கூட்டு ஒப்பந்தம். சம்பளத்தோடு வேலைநிலையும் நலன்புரியும் அதில் எழுதப்பட்டிருந்தன. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டதோடு கம்பனிகள் ஒப்பந்தத்திலிருந்து விலகின. சம்பளம் 2024இல் 1350 ரூபாவுக்கு வந்தது. அது வரவேற்க வேண்டியதே. ஆனால் சம்பளம் வர்த்தமானியில் இருக்கிறது, மற்றவை எங்கே இருக்கின்றன என்று கேட்பவர்கள் குறைவு. தேயிலை விலை விழும் வருடத்தில் முதலில் வெட்டப்படுவது எங்கும் எழுதப்படாதவைதான். கம்பனிக்காரர்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஏல விலையை அவர்கள் தீர்மானிப்பதில்லை, பழைய செடிகள் விளைச்சல் தருவதில்லை, அரசு செய்ய வேண்டியதை நூறு வருடத்துக்கு மேலாக ஒரு வணிகம் சுமப்பதும் சரியல்ல.

நியாய வணிகம் எனப்படும் ஃபெயார்ட்ரேட் முறையில் ஓர் ஏற்பாடு உண்டு. தேயிலை விலைக்கு மேலதிகமாகக் கிடைக்கும் தொகை தனிக் கணக்கில் போடப்படும். அதை எதற்குச் செலவிடுவது என்று தொழிலாளர் தெரிவுசெய்யும் குழு தீர்மானிக்கும். அந்த முத்திரையோடு விற்கப்படும் தேயிலை கொஞ்சம் என்பதால் பணமும் கொஞ்சம்தான். இருந்தாலும் எனக்கு அதில் பிடித்தது தொகை அல்ல, தீர்மானிக்கும் ஆள் மாறியிருப்பது. தண்ணீர்த் தொட்டி வேண்டுமா, பிள்ளைகளின் புலமைப்பரிசில் வேண்டுமா என்பதைத் துரை சொல்லத் தேவையில்லை.

வடக்கிலும் 2009க்குப் பிறகு ஆடைத் தொழிற்சாலைகளும் வங்கிகளும் பல கம்பனிகளும் வேலைவாய்ப்பு, மீள்கட்டுமானம் என்ற சொற்களோடு வந்தன. வேலை பெரிய விடயம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கம்பனி பாடசாலைக்குக் கட்டடம் கொடுக்கும்போது, அதே கம்பனியின் ஊழியருக்கு நியமனக் கடிதம், ஊழியர் சேமலாப நிதி, சங்கம் சேரும் உரிமை இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நாடா வெட்டும் படத்தில் அவை தெரியாது.

மலையகத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் 2015க்குப் பிறகு வந்தபோது, லயத்தை விட்டுப் போன பலர் முதலில் கேட்டது வீட்டின் அளவை அல்ல, உறுதியை. யாருடைய பெயரில் உறுதி, எப்போது கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள். வீடு கிடைத்தும் உறுதி கிடைக்காத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் இன்னும் தோட்ட அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறார்கள்.