ஸ்விட்ச் வேறு, ரவுட்டர் வேறு

அலுவலகத்தில் இன்டர்நெட் நின்றுபோனாலும், மேசைக் கணினியிலிருந்து பிரிண்டருக்கு அனுப்பிய கோப்பு தடையின்றி அச்சாகி வரும். கட்டடத்துக்குள் தரவைக் கொண்டுசேர்ப்பது ஸ்விட்ச். வெளி நெட்வொர்க்குகளுக்கு வழி காட்டுவது ரவுட்டர்.

ஸ்விட்ச் வருவதற்கு முன் அதன் இடத்தில் ஹப் இருந்தது. ஒரு போர்ட்டில் வந்த சிக்னலை மற்ற எல்லாப் போர்ட்டுகளுக்கும் அது அனுப்பிவிடும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் தரவு மோதிக் கெடும். கணினிகள் பெருகப் பெருக வேகம் குறைந்தது. இந்த நெருக்கடிக்குத் தீர்வாக, வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் அமெரிக்காவில் தொடங்கிய கல்பனா நிறுவனம் 1990-இல் 7 போர்ட் கொண்ட ஈத்தர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1994-இல் அந்நிறுவனத்தை சிஸ்கோ வாங்கிக்கொண்டது.

ஸ்விட்ச் தானாகவே கற்றுக்கொள்ளும். நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் மேக் முகவரி உண்டு. தரவு ஃப்ரேம்களாக வருகிறது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் அனுப்பும் கருவி, பெறும் கருவி இரண்டின் முகவரிகளும் இருக்கும். அனுப்பிய முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பெறும் முகவரி அட்டவணையில் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லையென்றால் வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பும்.

ஆனால், ஒரு கருவி எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்பதை மேக் முகவரி சொல்லாது. உலகிலுள்ள எல்லாக் கருவிகளையும் ஒரே அட்டவணையில் எழுதி வைக்கவும் முடியாது. அதனால்தான் ரவுட்டர் ஐபி முகவரியைப் பார்க்கிறது. அந்த முகவரியின் முன்பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கும். அதை வைத்து அடுத்து எந்த ரவுட்டருக்கு அனுப்புவது என்று முடிவு செய்து, பழைய ஃப்ரேமை நீக்கிவிட்டுப் புதிய மேக் முகவரிகளுடன் வேறொரு ஃப்ரேமில் அனுப்பும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக விடப்படும் பிராட்காஸ்ட் செய்திகளை ஸ்விட்ச் எங்கும் பரப்பும். ரவுட்டர் தன் எல்லையிலேயே நிறுத்திவிடும்.

வீட்டில் நாம் ரவுட்டர் என்று அழைக்கும் பெட்டிக்குள் ரவுட்டர், சிறிய ஸ்விட்ச், வைஃபை மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. லான் போர்ட் போதவில்லை என்றால் இன்னொரு ரவுட்டர் தேவையில்லை. ஒரு சாதாரண ஸ்விட்ச் போதும். ஒரே கேபிளின் இரு முனைகளையும் அதே ஸ்விட்சில் மட்டும் செருகிவிடாதீர்கள். பிராட்காஸ்ட் செய்திகள் முடிவின்றிச் சுற்றி, நெட்வொர்க் முழுவதும் முடங்கிவிடும்.